ஞாபகம் இருக்காது, டாக்டர்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ‘நல்ல அனுபவமா பார்த்து எழுதுங்க சார், பிள்ளைங்களுக்கு ஊக்கமா இருக்கும்’ என்றார்கள். நல்ல அனுபவங்களையெல்லாம் ஓய்வு பெற்ற அன்றே மேடையில் வேண்டிய மட்டும் அளந்துவிட்டேன். சிலவற்றை இரண்டு தடவை சொன்னதாக வீட்டுக்காரி வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். அன்று வாயைத் திறக்காமல் விழுங்கிவிட்ட ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். ஊக்கம் வேண்டுபவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

நான் மருத்துவ உதவியாளனாக இருந்தேன். டாக்டருக்குக் கீழே, நர்ஸுக்குப் பக்கத்தில். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இன்றும் எங்களை ‘டிரஸ்ஸரையா’ என்று கூப்பிடும் பெரியவர்கள் உண்டு. கேமரன் மலையில் தேயிலைக்கு நடுவே இருந்த ஒரு சின்ன சிகிச்சை மையத்தில், தையல் போடுவது, கட்டி கீறுவது, பிசகிய எலும்பைத் திருப்பி வைப்பது எல்லாம் நடக்கும் ஒற்றை அறைக்கு நான்தான் ராஜா. மையத்தின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்ததை மட்டும் மாற்றவில்லை.

எனக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை, எல்லாம் வாய்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, நான் பிழைத்தது அப்படி. என்னிடம் ஒரு வித்தை இருந்தது. பயந்து நடுங்கும் ஆளிடம் ஆறுதல் சொல்ல மாட்டேன். அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன்.

ஒருமுறை கோலா தெர்லாவிலிருந்து ஒரு லோரி டிரைவர் வந்தார். முட்டைக்கோஸ் கூடையில் துருத்திய ஆணி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஆள் ஆறடி உயரம். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. நான் ஊசியை நிரப்பிக்கொண்டே, ‘தாப்பாவுக்கு நீங்க கம்போங் ராஜா வழியாத்தானே எறங்குவீங்க?’ என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! ‘யாரு சார் ஒங்களுக்கு லைசன்ஸ் குடுத்தது? தாப்பா இந்தப் பக்கம் லா! கம்போங் ராஜா போனா ஈப்போவுல போயி நிப்பீங்க!’ அவர் எனக்கு வழி சொல்லி முடிப்பதற்குள் மரத்துப்போகும் ஊசியும் போட்டு, ஏழு தையலும் போட்டு, கட்டும் கட்டிவிட்டேன். பெண்களாக இருந்தால் சம்பால், நெத்திலி போட்டு வதக்கும் மிளகாய்த் தொக்கு. நெத்திலியை வறுக்காமலே போடலாம்தானே என்று கேட்டால் போதும், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கூட எழுந்து உட்கார்ந்து பாடம் எடுப்பார்.

இந்த வித்தையை நான் குறை சொல்லவில்லை. நீங்களும் பழகுங்கள், எவ்வளவோ பேரின் பயம் அதில் குறைந்திருக்கிறது. மருந்து செய்ய வேண்டிய வேலையை என் வாயே செய்துவிடும் என்று நம்ப ஆரம்பித்தேன் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

பள்ளி விடுமுறை நாள் அது. காலை பதினொரு மணி இருக்கும். தோட்டத்து வேனில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வசந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை ஊறிய சரிவில் கால் வழுக்கி விழுந்து, வலது தோள்மூட்டு இடம் பெயர்ந்திருந்தது. கூடவே அவர் மகள் தர்ஷினி, ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை, அம்மாவின் சேறு படிந்த ரப்பர் பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ‘கை என்னோடது மாதிரியே இல்ல சார். சாயங்காலத்துக்குள்ள செரியாயிருமா? புள்ள தனியா இருக்கா’ என்றார் வசந்தி. தகப்பன் இல்லாத வீடு அது.

மூட்டைத் திருப்பி வைக்க இரண்டு மருந்து வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் தெரிந்தேதான் இருந்தது. ஒன்று வலிக்கு. மற்றது பயத்துக்கு. பயத்துக்கான மருந்து உடம்பைத் தளர்த்தும், அரைத் தூக்கத்தில் வைக்கும், அந்த நேரத்து நினைவையே துடைத்துவிடும். வலியை அது தொடாது. வலிக்கும், பிறகு வலித்தது மறந்துபோகும், அவ்வளவுதான்.

பயத்துக்கான மருந்து என் தட்டில் இருந்தது. வலிக்கான மருந்து பூட்டிய அலமாரியில். சாவி தலைமை நர்ஸான சிஸ்டரிடம். சிஸ்டர் மாடியில் ஒரு பிரசவத்தில் இருந்தார். வர அரை மணி நேரமாவது ஆகும் என்று தகவல் வந்தது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். டாக்டர் மலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத இளைஞர். ‘வெய்ட் பண்ணலாமா சார்?’ என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். டாக்டரே என்னிடம் கேட்கிறாரே என்று தலைக்கனம் ஏறியது. கையைத் தொங்கவிடாமல் துணியில் கட்டி, அந்த அம்மாவை அரை மணி நேரம் உட்கார வைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ‘எதுக்கு டாக்டர்? இது ஒன்னு போதும். கத்தினாலும் எந்திரிச்சா ஞாபகம் இருக்காது, டாக்டர்’ என்றேன். வழக்கம்போல உரக்கத்தான் சொன்னேன்.

மருந்து ஏறியது. வசந்தியின் கண் பாதி மூடியது. நான் தலைமாட்டில் நின்று சம்பாலை ஆரம்பித்தேன். ‘நெத்திலிய ஊறவச்சு அப்படியே போட்டுரலாம்தானே?’ நாக்கு குழற, ‘வறுக்கணும் சார்...’ என்றார். டாக்டர் கையைப் பிடித்து இழுத்தார்.

வசந்தி கத்தியதை இப்போதும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ‘விடுங்க சார், ஐயோ விடுங்க, செத்துருவேன்’ என்ற வார்த்தைகளை மட்டும் எழுதுகிறேன். முதல் இழுப்பில் மூட்டு உட்காரவில்லை. நான் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டிருந்த துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சம்பாலைப் பற்றி இன்னும் சத்தமாகப் பேசினேன். அவருக்குக் கேட்க வேண்டும் என்று பேசவில்லை. பெஞ்சில் இருப்பவர்களுக்கு அவர் சத்தம் கேட்கக்கூடாது என்று பேசினேன். என் பெயர் கெட்டுவிடக்கூடாதே.

அறையில் இன்னொருவர் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து எட்டு வாரமே ஆன மலாய் நர்ஸ். ‘என்சிக், சாக்கிட் நி. துங்கு சிஸ்டர் லா’ என்றாள். இவருக்கு வலிக்கிறது, சிஸ்டர் வரும்வரை பொறுப்போம் என்கிறாள். டாக்டரின் கை நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். நீ புதுசு, போகப் போகப் பழகிவிடும் என்று அவள் மொழியிலேயே சொன்னேன். இழுங்கள் என்று டாக்டரிடம் தலையை ஆட்டினேன். இரண்டாவது இழுப்பில் மூட்டு உட்கார்ந்தது.

நீங்கள் எல்லோரும் இன்று அவள் இடத்தில்தான் இருக்கிறீர்கள். அந்த அறையில் சரியாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். எட்டு வாரத்துக்காரி. அடுத்த வருடமே மாற்றலாகிப் போய்விட்டாள், அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. என்னைப் போன்ற கிழவன் ஒருவன் ‘பழகிரும்’ என்று சொன்னால் பழகிவிடாதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் வசந்தி கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. ‘முடிஞ்சிருச்சா சார்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு நெனச்சேன். ஒன்னுமே தெரியல’ என்றார். பார்த்தீர்களா என்பதுபோல் நான் டாக்டரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அறைக் கதவில் நீளவாட்டில் ஒரு கண்ணாடி உண்டு. தர்ஷினி பெஞ்சில் உட்காரவில்லை. பூட்ஸைப் பிடித்தபடி அந்தக் கண்ணாடிக்கு நேராக நின்றிருக்கிறாள். உள்ளே விட்டதும் அம்மாவின் பக்கத்தில் வந்து, ‘அம்மா, நீ கத்துனம்மா. விடுங்க விடுங்கன்னு கத்துன’ என்றாள்.

‘நானா? போடி!’ என்று வசந்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். டாக்டர் காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. பதில் சொல்ல வேண்டியவன் நான் மட்டும்தான். ‘ஆமாம்மா, கத்தினீங்க, மருந்தால ஞாபகம் இல்ல’ என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

‘அது பக்கத்து ரூம்ல ஒரு ஆளு, பாப்பா. அம்மா நல்லா தூங்குனாங்க’ என்றேன்.

பக்கத்து அறை, துவைத்த துணிகளை அடுக்கி வைக்கும் அறை. தர்ஷினி அந்தச் சுவரை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அம்மா எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே லயத்தில் என் புகழ் இன்னும் ஒரு சுற்று பெருத்தது. ‘கை எலும்பையே திருப்பி வச்சாரு, ஒரு பொட்டு வலி தெரியல’ என்று வசந்தியே ஆள் ஆளுக்குச் சொல்லியிருக்கிறார். நம் தொழிலில் இது ஒரு கொடுமை. நாம் யாரை வதைத்தோமோ அவரே நமக்குச் சாட்சி சொல்வார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு மழை நாள் மதியம், பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிவந்த காடியில் வசந்தி மகளைக் கூட்டிவந்தார். பிள்ளை இடுப்பு ஒடிந்தவள்போல் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ‘வெளிக்குப் போவலன்னு மட்டும் சொன்னா சார், நானும் தைலம் தேச்சு விட்டேன். இன்னிக்கு ஸ்கூல் போவலியேன்னு போர்வைய எடுத்துப் பார்த்தா இப்படிக் கெடக்குறா’ என்றார். மூன்று நாளாக வலி. மூன்று நாளும் அம்மா வேலைக்குப் போகும்வரை எழுந்து நடமாடி, போனபிறகு படுத்துக்கொண்டிருக்கிறாள்.

வயிற்றில் கை வைத்தேன். பலகைபோல் இறுகிக் கிடந்தது. குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. உயிருக்கே ஆபத்து, உடனே ஈப்போவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் கையில் ஊசி ஏற்றி மருந்தும் தண்ணீரும் செலுத்த வேண்டும். அவளோ இரண்டு கைகளையும் முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன். ‘பாப்பா இப்ப எட்டாம் ஆண்டுதானே?’ என்றேன். ஆறாம் ஆண்டோடு முடிகிற ஆரம்பப் பள்ளியில் ஏது எட்டாம் ஆண்டு!

‘நீங்க வேணும்னே தப்பா சொல்றீங்க, சார்’ என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. ‘அம்மாகிட்டயும் இப்படித்தான் பேசினீங்க.’

நான் நின்றுவிட்டேன். ‘எதுக்கு பாப்பா இவ்வளவு வலிக்குதுன்னு மூணு நாளா யார்கிட்டயும் சொல்லல?’ என்று கேட்டேன்.

‘சொன்னா இங்கதானே கூட்டிட்டு வருவாங்க.’

வசந்திக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பிறகு அவள் சொன்னாள்: ‘எனக்கு அந்த மறக்குற மருந்து போடாதீங்க. வலிச்சா எனக்குத் தெரியணும்.’ கதவுக்கு வெளியே நின்றவளுக்கு, ஞாபகம் இருக்காது என்று நான் சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

அவமானம் என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். காதுமடல் எரிந்தது. அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்க முடியாமல் ஊசித் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினேன். ‘போட மாட்டேன். வலிக்கான மருந்து மட்டும் போடுவேன், அதுக்குக் கையில ஊசி குத்தணும், அது வலிக்கும். வேணாம்னு தோணுனா கைய தூக்கு. நிறுத்திருவேன்.’

அவள் கையைக் கொடுத்தாள். ஊசி தோலைத் தொட்டதும் மற்ற கையைத் தூக்கினாள். நிறுத்தினேன். இரண்டாம் முறை தொட்டதும் மறுபடி தூக்கினாள். வேண்டுமென்றேதான் தூக்குகிறாள், நான் நிற்கிறேனா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆம்புலன்ஸ் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. நேரம் போகப் போக விஷம் ஏறும் வயிறு. நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு சும்மா நின்றேன். ஒரு நிமிடம் போயிருக்கும். மூன்றாம் முறை அவளே கையை நீட்டினாள். குத்தினேன். அழுதாள், கையைத் தூக்கவில்லை.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். வசந்தி முன்னால் டிரைவர் பக்கத்தில். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகள் இரண்டு பக்கமும் அடைத்து நின்றன. வலி மருந்து கொஞ்சம் வேலை செய்திருந்தது. அவள் காதருகே குனிந்து, ‘அன்னைக்குக் கத்தினது ஒங்கம்மாதான் பாப்பா. நான்தான் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிரு’ என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ‘எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அம்மாகிட்ட சொல்லுங்க.’

சொல்கிறேன் என்றேன்.

ஈப்போவில் இரண்டு முறை வயிற்றைத் திறந்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்று அறுவை செய்தவர் சொன்னாராம். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். காயம் ஒரு முனையில் ஆறாமல் திறந்தே இருந்ததால், கட்டு மாற்ற ஒன்று விட்டு ஒரு நாள் எங்களிடம் வந்தாள். இரண்டு மாதம். ஒவ்வொரு முறையும் வசந்தி வந்தார். ஒவ்வொரு முறையும் ‘சார் இல்லாட்டி எம்புள்ள இல்ல’ என்றார். தோட்டத்தில் விளைந்த கீரை, சோளம், ஒருநாள் ஒரு கொத்து ரோஜா, ஏதாவது ஒன்று கையில் இருக்கும். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டே இருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம், காயம் ஆறட்டும், கூட்டம் குறையட்டும். உண்மையைச் சொன்னால், கீரைக்கட்டு வராது என்பதல்ல என் பயம். அந்த அம்மா என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்பதுதான்.

கடைசிக் கட்டு மாற்றும் நாள் வந்தது. இனி வரமாட்டார்கள். தர்ஷினியை நர்ஸிடம் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் வசந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுவதையும் சொன்னேன். சாவி, அரை மணி நேரம், சம்பால், பக்கத்து ரூம், எல்லாம்.

முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. ‘எந்தக் கத்தல் சார்?’ என்றார். மறுபடி சொன்னேன். அவர் கை தானாக வலது தோளுக்குப் போனது. வலிக்காக இருக்கும் என்று நினைத்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது.

‘அன்னைக்கு வீட்டுக்குப் போயும் அதையேதான் சார் சொன்னா’ என்றார். ‘நீ கத்துனம்மா, சார் பொய் சொல்றாருன்னா. சார் எதுக்குடி பொய் சொல்றாரு, நமக்கு நல்லது செஞ்ச மனுசன பேசுறியான்னு வாய் மேலயே ஒன்னு போட்டேன். ஒதடு கிழிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவ என்கிட்ட எதையும் சொல்றது இல்ல சார். வளர்ற புள்ளல்ல, அதான்னு இருந்துட்டேன்.’

கதவு திறந்து தர்ஷினி வெளியே வந்தாள். வசந்தி எழுந்து போய், மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘அன்னைக்கு நீ சொன்னது நெசம்டி. சார் சொல்லிட்டாரு’ என்றார்.

தர்ஷினி அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

‘இப்பத்தான் சொன்னாரா?’ என்று கேட்டாள்.

ஆம்புலன்ஸில் போன அன்றே அம்மாவிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்தும் தன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு, அத்தனை நாளும் அந்தப் பிள்ளை என் முன்னால் வந்து வயிற்றைக் காட்டிப் படுத்திருக்கிறாள்.